முனியன் வேலைக்கு வராத நாட்கள்

மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் தொழிலாளிகளை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தேன். அங்கே முனியன் மூன்று வாரம் எல்லாரையும் முந்திப் பால் வெட்டுவார். பிறகு நாலு நாள், பெயர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு வரமாட்டார். சோம்பேறி என்றே நினைத்தேன்.

காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி கொண்டுபோவது யார் என்று விசாரிக்க ஒருநாள் போலீஸ் வந்தது. அடிக்கடி காணாமல் போகிறவர் யார் என்று கேட்டார்கள். எரிச்சலில் முனியன் பெயரைச் சொல்லிவிட்டேன்.

வீட்டிலிருந்து அவரை இழுத்து வந்தார்கள். இரண்டடி வைப்பதற்குள் விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். உடம்பு கொதித்தது. இரண்டு முழங்காலும் வீங்கிச் சிவந்திருந்தன.

"அவங்கப்பாவுக்கும் இப்படித்தாங்க. நாலு நாள்ல தானா வடிஞ்சிடும்," என்று அவர் மனைவி அழுதார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா வேலைய விட்டு நிறுத்திடுவீங்கன்னு பயம், மண்டோரே."

அவரை ஏற்றிய போலீஸ் லாரியில் நானும் ஏறினேன். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரையும் அழைத்துக்கொண்டேன். டிரஸ்ஸர் முனியனின் முழங்கால்களைக் காட்டி, இப்படி வீங்கும் நாட்களில் இவரால் நடக்கவே முடியாது என்று விளக்கினார். நான் தெரியாமல் சொல்லிவிட்டதாக ஸ்டேஷனில் ஒப்புக்கொண்டேன். சாயங்காலம் முனியனை விட்டார்கள். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

நேற்று ஓடியாடியவருக்கு இன்று எழுந்திருக்கவே முடியாமல் போகலாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றவில்லை. அதன்பின் பெரட்டுக்கு யார் வராவிட்டாலும், பெயரைக் குறிக்குமுன் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிடுவேன்.