ஆணி அடிக்காத சுவர்

ஒரு குடும்பத்தைக் கறுப்பு டிரங்குப் பெட்டிகளில் அடைத்து, இந்தியாவின் எந்த மூலைக்கும் கொண்டுபோய், இறக்கிய அன்று மாலையே சாம்பார் கொதிக்க வைக்க என்னால் முடியும். ராணுவக்காரர் மனைவிக்கு அது பெருமையில்லை, பிழைப்பு. அதனால்தான் நாற்பதைத் தாண்டிய வயதில் புனே ஹடப்சரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் சேர்ந்த பிறகு, இனி நான் கற்றுக்கொள்ள வேண்டியது 'கண்டெய்னர்' என்று அங்கே சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மென்பொருள் ஓடுவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் ஒரே பெட்டியாகக் கட்ட வேண்டும். எந்த சர்வரில் இறக்கினாலும், கிளவுட் என்கிற வாடகைச் சர்வரில் ஏற்றினாலும், அது அங்கே அப்படியே ஓட வேண்டும். இதைத்தானே இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன், எனக்கே சொல்லித்தருகிறார்களா என்று நினைத்தேன்.

வேலைக்குப் போவது எனக்குப் புதிதல்ல. வேலையில் நிலைப்பதுதான் புதிது. பதான்கோட்டில் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர், ஜபல்பூரில் ஒரு அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி, அஸ்ஸாமில் ஜோர்ஹாட்டில் மறுபடியும் பள்ளி. ஒவ்வொரு இடத்திலும் என்னை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எழும்போதே கணவருக்கு மாற்றல் வந்துவிடும். வீட்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டே இடையில் தபாலில் எம்.சி.ஏ. படித்து முடித்தேன். இப்போது அவர் ஓய்வு பெற்று, புனேயிலேயே ஒரு வங்கியில் வேலை பார்க்கிறார். விஷ்ராந்த்வாடியில் சொந்தமாக ஒரு ஃபிளாட் வாங்கிவிட்டோம். கம்பெனியில் எனக்கு ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் ஒரு வாடிக்கையாளரின் வெப்சைட்டைக் கண்டெய்னரில் போட்டு, கிளவுடில் ஓடவிட்டு, அவர் முன்னால் காட்ட வேண்டும். சரியாக வந்தால் வேலை நிரந்தரம். இந்த முறை மாற்றல் உத்தரவைச் சாக்குச் சொல்ல முடியாது. தோற்றால் நானே தோற்றதாகத்தான் அர்த்தம்.

எனக்கு டீம் லீட், பழைய புனேயின் சதாசிவ் பேட்டிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண், என் மகளைவிடச் சில வயதுதான் பெரியவள். என்னைத் 'தாயி' என்பாள். மராத்தியில் அக்கா. மரியாதை கூப்பிடுவதோடு சரி. சொல்ல வேண்டியதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள்.

அவள் கேட்டபடி முதல் பெட்டியைக் கட்டினேன். சர்வருக்குப் போவதற்கு முன் கட்டி வைத்திருக்கும் பெட்டிக்கு 'இமேஜ்' என்று பெயர். அதிலிருந்து எடுத்து ஓடவிட்டால்தான் அது கண்டெய்னர். என்னென்ன போட வேண்டும், எந்த வரிசையில் போட வேண்டும் என்று ஒரு சிறிய கோப்பில் எழுதிவிட்டால், மெஷினே கட்டிக்கொள்ளும். நான் எழுதினேன். வேண்டியதை எல்லாம் போட்டேன். வேண்டியிருந்தாலும் இருக்கும் என்று தோன்றியதையும் போட்டேன். சோதனைக்கு வைத்திருந்த பழைய டேட்டா, நாலு வகை எழுத்துரு, இரண்டு எடிட்டர், எதற்கென்றே தெரியாத சில கருவிகள். கிளவுடுக்கு அனுப்பியபோது அது போய்க்கொண்டே இருந்தது. நான் டீ குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் போய்க்கொண்டிருந்தது.

லீட் எட்டிப் பார்த்தாள். "தாயி, பூரா கர் லேகே ஜா ரஹே ஹோ க்யா?"

வீட்டையே தூக்கிக்கொண்டு போகிறேனாம். எனக்குச் சுருக்கென்றது. ஜோர்ஹாட்டில் போய் இறங்கி ரசப்பொடிக்கு அலைந்தவளுக்குத்தான் தெரியும், 'வேண்டியிருந்தாலும் இருக்கும்' என்பதன் அருமை. இவள் பிறந்ததிலிருந்து ஒரே பேட்டில் இருக்கிறவள். இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லாமல், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். எடுத்தபிறகும் வெப்சைட் ஓடியது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வாடிக்கையாளர் கடக்வாஸ்லா பக்கம் பள்ளி வேன்கள் விடுகிறவர். எந்த வேன் எத்தனை மணிக்கு எந்த நிறுத்தத்துக்கு வரும் என்று பெற்றோருக்குக் காட்டும் வெப்சைட் அது. அவர் வருவதற்கு முந்தின நாள் மதியம் கிளவுடில் ஓடவிட்டுப் பார்த்தேன். எல்லா வேனும் ஐந்தரை மணி நேரம் முன்னதாக வந்துகொண்டிருந்தன. கண்டெய்னருக்குள் கடிகாரம் இந்திய நேரத்தில் இல்லை, லண்டன் குளிர்கால நேரத்தில் இருந்தது. அது யாரும் சொல்லாவிட்டால் அப்படித்தான் இருக்குமாம்.

கண்டெய்னர் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் நுழைந்து வேலை செய்ய வழி உண்டு. நுழைந்தேன். நேர அமைப்பைக் கையாலேயே மாற்றினேன். எழுத்துச் சின்னதாக இருந்தது, அதையும் பெரிதாக்கினேன். புது வீட்டில் சாமான்களை அடுக்கிவிட்டு நின்று பார்ப்பேனே, அப்படிப் பார்த்தேன். வேன்கள் ஒழுங்காகக் காலையில் வந்தன. நிம்மதியாக ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு, முண்ட்வா சிக்னலில் நிற்கும்போது பாட்டுகூடப் பாடினேன்.

மறுநாள் வேன்காரர் வந்தார். பெரிய திரையில் வெப்சைட்டைத் திறந்தோம். முதல் வேன், முதல் நிறுத்தம், நேரம் இரண்டு மணி. விடியற்காலை இரண்டு மணி. அவர் கோபப்படவில்லை. இந்த நேரத்தில் திறக்கிற பள்ளி எது, அங்கேயும் வேன் விடலாமே என்று இந்தியில் மெதுவாகக் கேட்டார். அறையின் ஓரத்தில் முதலாளி உட்கார்ந்திருந்தார்.

நடந்தது இதுதான். வேன்காரர் முன்பே கேட்டிருந்த ஒரு நிறத்தை லீட் அன்று காலை மாற்றி, புதிதாக ஏற்றியிருக்கிறாள். புதிதாக ஏற்றும்போது பழைய கண்டெய்னரை அழித்துவிட்டு, இமேஜிலிருந்து இன்னொன்றை எடுத்து வைப்பார்கள். நான் சரிசெய்ததெல்லாம் பழையதற்குள் இருந்தது. பழையதோடு போய்விட்டது.

வெளியே வராந்தாவில் அவளைப் பிடித்துக்கொண்டேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி அழிக்கலாம் என்று பொரிந்து தள்ளினேன். அவள் அசரவில்லை. கண்டெய்னர் என்பதே எப்போது வேண்டுமானாலும் அழிக்கத்தான், இமேஜில் இல்லாதது எதுவும் நம்முடையதில்லை என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியம் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. ராணுவக் குவார்ட்டர்ஸைக் காலி செய்யும்போது 'மார்ச்சிங் அவுட்' என்று ஒன்று உண்டு. வீட்டை ஆள் வந்து சோதித்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். சுவரில் ஓட்டை இருந்தால் பணம் பிடிப்பார்கள். அதனால் என் கணவர் எந்த வீட்டிலும் ஒரு ஆணி அடிக்கவிட்டதில்லை. அடித்தால் அது அந்தச் சுவரோடு போச்சு, நமக்கு வேண்டியது பெட்டிக்குள் இருக்க வேண்டும் என்பார். இதைக் கேட்டுக் கேட்டே எனக்கு வயசாகிவிட்டது. அப்படிப்பட்ட நான் போயும் போயும் குவார்ட்டர்ஸ் சுவரில் ஆணி அடித்துவிட்டு, ஊர் மாறியபிறகு படத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. லீட் என்னைப் பயத்தோடு பார்த்தாள்.

வேன்காரரைக் கீழே மிசல் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போகும்படி அவளிடம் சொன்னேன். அவர்கள் போனதும் உட்கார்ந்து, இந்திய நேரத்தையும் பெரிய எழுத்தையும் பெட்டி கட்டும் கோப்பிலேயே எழுதினேன். மறுபடி கட்டி, கிளவுடுக்கு அனுப்பினேன். இந்த முறை சட்டென்று போய்விட்டது. பழைய பெரிய பெட்டியாக இருந்திருந்தால், வேன்காரர் மிசல் சாப்பிட்டு முடித்து வீட்டுக்கே போயிருப்பார்.

அவர் திரும்பி வந்தபோது திரையில் வேன்கள் காலை ஏழரைக்கு வந்தன. லீட் எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, இப்போது இதை அழித்துக் காட்டுகிறேன், தானாகத் திரும்ப வரும் என்றாள்.

"நீ இரு, நான் பண்றேன்," என்றேன். பதட்டத்தில் தமிழ் வந்துவிட்டது. ஆனாலும் அவளுக்குப் புரிந்தது, நகர்ந்து இடம் விட்டாள். காலி பிஸ்கட் டப்பாவைக்கூடத் தூக்கிப் போட மனசு வராத நான், ஓடிக்கொண்டிருந்ததை என் கையாலேயே அழித்தேன். திரை வெறுமையானது. முதலாளி முன்னால் சாய்ந்தார். பிறகு புதியது எழுந்தது. முதல் வேன், முதல் நிறுத்தம், ஏழரை மணி.

அன்று மாலையே முதலாளி கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து நிரந்தரம் என்றார். அந்தச் சொல்லை யாரும் என்னிடம் நேராகச் சொன்னதேயில்லை. பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

வீட்டுக்கு வந்தால், எங்கள் கல்யாணப் படம் எப்போதும்போல டிரங்குப் பெட்டியின்மேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. சொந்த வீடு வாங்கியும் ஒரு சுவரிலும் ஒரு ஆணி இல்லை. அதுவரை அது என் கண்ணில் பட்டதேயில்லை.

கணவரிடம் வேலை விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து நின்று சல்யூட் அடித்தார். பிறகு நாளைக்கு டிரில் போடுகிற ஆளைக் கூட்டிவரச் சொன்னேன், படத்தை மாட்ட வேண்டும் என்றேன்.

"எதுக்கும்மா இப்ப? அப்புறம் காலி பண்றப்ப…" என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். சுவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். மறுநாள் அவரே பக்கத்து ஃபிளாட்டில் டிரில் மெஷினை வாங்கி வந்து ஓட்டை போட்டார். போடுவதற்கு முன் மூன்று தடவை அளந்து பென்சிலால் குறித்தார்.

படம் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்துதான் தொங்குகிறது. பொறுமையாகச் சரிசெய்துகொள்ளலாம். நாங்கள் எங்கேயும் போகப் போவதில்லை.