மாமாவின் பாம்புக்கு முப்பத்தொரு டிகிரி

சென்னையில் ஓர் உயிருக்குச் சூடு போதவில்லை என்று யாராவது சொன்னால் எங்கள் வீட்டில் சிரிப்பார்கள். மாமா அதைத்தான் சொன்னார். அவர் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாமல், விம்கோ நகரில் எங்கள் வீட்டோடு இருந்தார். ராயபுரத்தில் மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் குளிர்கிடங்கில் மெக்கானிக். நாள் முழுக்க இறாலைக் குளிரவைத்துவிட்டு வருகிற மனிதர், ஒரு மார்கழியில் சிநேகிதரிடமிருந்து ஆப்பிரிக்க மலைப்பாம்புக் குட்டி ஒன்றை முறையான காகிதங்களோடு வாங்கிவந்து, அதற்குக் குளிருமே என்று கவலைப்பட்டார்.

விஷம் கிடையாது, சூடு குறைந்தால் தின்ற எலி செரிக்காமல் பாம்பு செத்துவிடும் என்று அவர் விளக்கினார்.

"செத்தா சாவட்டும்," என்றாள் அம்மா. "ஆனா ஒண்ணு. ஒரு பாம்பக்கூட ஒயுங்கா வச்சிக்கத் தெரியாதவன்னு பேர் வந்துச்சு, ஒனக்கு எவனும் பொண்ணு குடுக்கமாட்டான், சொல்ட்டேன்."

மாமா சிரித்தார். ஆனாலும் மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டப்போவதைப் போலத்தான் அந்தப் பெட்டியைச் செய்தார். நீளமான கண்ணாடித் தொட்டி, வலைபோட்ட மூடி, மூடிக்கு இரண்டு கொக்கி. அம்மா துடைப்பக் கட்டையால் நெம்பிப் பார்த்துத் திறக்கவில்லை என்று தெரிந்தபிறகே பாம்பு உள்ளே போனது. ஒரு பக்கத்து அடியில் மின்சாரத்தில் சூடேறும் விரிப்பு. மறுபக்கம் தண்ணீர்க் கிண்ணம். முப்பத்தொரு டிகிரி வந்ததும் தானே கரண்டை நிறுத்த ஒரு சின்னக் கருவி.

அந்தக் கருவியின் சென்சார் ஒயரை எங்கே ஒட்டுவது என்பதில் மாமாவுக்குச் சந்தேகமே வரவில்லை. கிடங்கில் குளிர் கடைசியாகப் போய்ச்சேரும் மூலையில்தான் சென்சார் இருக்குமாம். அங்கே குளிர்ந்துவிட்டால் எல்லா மீனும் குளிர்ந்த கணக்கு. "எங்க கடைசியா எட்டுதோ அங்கதான் வைக்கணும். தொயில் தெரிஞ்சவன் அப்டிதான் வைப்பான்," என்று சொல்லி, விரிப்புக்கு எதிர் ஓரத்தில், கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். பத்து வயதில் எனக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது.

பெட்டி முடிந்த மறுநாளே, என் அரையாண்டு விடுமுறையில், கம்பெனி அவரைத் தூத்துக்குடிக்கு நாலு நாள் அனுப்பியது. ஒரு நோட்டைக் கொடுத்து, காலை, மதியம், சாயங்காலம் கருவியில் தெரியும் எண்ணை எழுதச் சொன்னார். "நம்பர் மாறுனா மட்டும் போன் போடு. சும்மா சும்மா பேஜார் பண்ணாத."

எண் மாறவே இல்லை. முப்பது, முப்பது, முப்பது. ஆனால் இரண்டாம் நாள் பாம்பு கிண்ணத்துத் தண்ணீரில் சுருண்டு படுத்தது. மதியம் பார்த்தேன், அங்கேயே இருந்தது. சாயங்காலமும் அப்படியே. நோட்டில் பாம்புக்கென்று ஒரு கட்டம் இல்லை, எண்ணுக்குத்தான் இருந்தது. போன் போடலாமா என்று பத்து முறை எழுந்து பத்து முறையும் உட்கார்ந்தேன். அன்று சோறு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அம்மா எட்ட நின்று பெருக்கிக்கொண்டே கேட்டாள். "இது இன்னாடி, தண்ணியிலயே கெடக்குது?"

"நம்பர் கரெக்டா கீதும்மா," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

பாம்பின் பக்கம் தலைவைத்தும் படுக்காத அம்மா, துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து, விரிப்பு இருந்த பக்கத்துக் கண்ணாடியில் கைவைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள். "தோசக்கல்லு மாரி கொதிக்குது." பிளக்கைப் பிடுங்கினாள். பாம்பின் அடிவயிற்றில் ஒரு விரல் நீளத்துக்குச் செதில்கள் பழுப்பாக வெந்திருந்தன.

போனில் சேதி கேட்டு, மறுநாள் காலையில் மாமா வந்தார். பையைக்கூட இறக்காமல் பாம்பைத் தூக்கிக்கொண்டு மிருக டாக்டரிடம் ஓடினார். உயிருக்குப் பயமில்லை, தழும்பு இருக்கும் என்று சொல்லிக் களிம்பு கொடுத்தாராம். திரும்பி வந்து என் நோட்டைக் கேட்டார்.

முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். மறுபடியும் முதல் பக்கத்துக்குப் போனார். நடுவில் ஒருமுறை தொட்டியின் ஓரத்து ஒயரைப் பார்த்துவிட்டு மீண்டும் நோட்டுக்கு வந்தார். "ஒரு வேளகூட வுடலியா நீ?" என்று கேட்ட குரல் மாமாவின் குரலாகவே இல்லை. அவர் அப்படி இடிந்துபோய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு வேளைகூட நான் விட்டதில்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், "முந்தாநேத்து மத்தியானம் பாக்காம எய்திட்டேன் மாமா," என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. என் தலையைத் தடவினார். அம்மா கையை ஓங்கிக்கொண்டு வந்தபோது குறுக்கே நின்றார். "வுடுக்கா. சின்னப் பொண்ணு, ஒரு வேள மறந்துட்சி. அதுக்குப் போயி அடிப்பியா?" எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இப்படியொரு மாமா யாருக்குக் கிடைப்பார் என்று நினைத்தேன்.

மறுநாள் சென்சார் ஒயரைப் பிடுங்கி விரிப்பின் மேலேயே ஒட்டினார். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாதான்," என்றார். குளிர்ந்த ஓரம் முப்பத்தொன்றைத் தொடட்டும் என்று அந்தக் கருவி மூன்று நாளாகக் கரண்டை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது என்று எனக்குப் புரிய இன்னும் ஐந்தாறு வருஷம் ஆனது.

அன்று சாயங்காலம் என்னை மட்டும் பைக்கில் உட்காரவைத்து பர்மா பஜார் பக்கம் கூட்டிப்போய், அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். ஒரு தட்டு தீர்ந்ததும், நான் கேட்காமலே இன்னொரு தட்டு சொன்னார். அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அவருக்குப் பசியில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இரண்டாவது தட்டையும் நானே காலி செய்தேன்.