வெல்டருக்குத் தைத்த சட்டை

கிறிஸ்துமஸ் அன்று காலையில் தையல்காரி புருஷன் வேலை பார்த்த வெளிநாட்டில் போய் இறங்கினாள். அதுவரை விமானத்தைத் தலைக்கு மேலே அண்ணாந்து பார்த்ததோடு சரி. ஊர் பார்க்கப் போகவில்லை அவள். அங்கே வெல்டராக இருந்த அவள் புருஷன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போயிருந்தான். சொந்தத்தில் யாராவது வந்து அடையாளம் காட்டினால்தான் உடல் கிடைக்கும் என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. மாமனார் படுத்த படுக்கை, பிள்ளைகளோ சிறுசுகள். "நானே போறேன்" என்று கிளம்பிவிட்டாள்.

புருஷனோடு ஒரே அறையில் இருந்த கிரேன்காரன் அழைத்துப்போக வந்திருந்தான். அவள் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

தெருவில் பண்டிகையின் சுவடே இல்லை. பள்ளி வண்டிகள் போயின. சனங்கள் வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய கடை வாசலில் மட்டும் பிளாஸ்டிக் மரம் ஒன்று மினுக்கிக்கொண்டு நின்றது.

"இன்னைக்கு ஆபீஸெல்லாம் இருக்குமா தம்பி?"

"இங்க இது சாதாரண நாள் அண்ணி. அதனாலதான் இன்னைக்கே பார்க்க முடியுது."

பிணவறையில் துணியை விலக்கினார்கள். அவன்தான். ஆனால் பாதி ஆளாக இருந்தான். போனில் கேட்டபோதெல்லாம், "நல்லா சாப்பிடுறேன்டி, தொப்பையே விழுந்துடுச்சு. சட்டையைத் தாராளமா தை" என்பான். கல்யாணமானதிலிருந்து வருஷம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு அவனுக்குச் சட்டை தைப்பது அவள்தான். இந்த வருஷத்துச் சட்டையைக் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"படுபாவி, இப்படியா பொய் சொல்லுவ?" என்று அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். தோள் கல்லாக இருந்தது. அதன்பிறகுதான் அழுகை வந்தது.

அழுது ஓய்ந்து சட்டையை நீட்டினாள். பிணவறைக்காரர் ஏதோ சொல்லிக் கையை விரித்தார்.

"குளிர்ல விறைச்சுப்போன கை மடங்காதாம் அண்ணி. போட முடியாதுங்கிறார். பக்கத்துல வச்சு அனுப்பலாமாம்."

"கத்திரி இருக்கான்னு கேளு."

முதுகுப்பக்கம் காலரிலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாக வெட்டினாள். முன்னாலிருந்து அவன் கைகளைச் சட்டைக்குள் நுழைத்தாள். பிணவறைக்காரர் மறுபேச்சில்லாமல் உடலை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டார். தொளதொளத்த துணியை உள்ளே மடித்து, அவர் தந்த தடித்த ஊசியால் தைத்து முடிச்சுப் போட்டாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல், கோயிலில் கிறிஸ்துமஸ் அன்று சொல்லும் ஜெபத்தை ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்திவிட்டு அவன் காலரை நேராக்கினாள். கிரேன்காரனுக்கு அந்த ஜெபம் தெரியாது. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

மத்தியானம் தொழிலாளர் விடுதிக்குக் கூட்டிப்போனான். புருஷன் படுத்த கட்டிலில் உட்காரவைத்து, அறையில் இருந்தவர்கள் சோற்றுத் தட்டைக் கொடுத்தார்கள்.

"ஹேப்பி கிறிஸ்துமஸ்க்கா" என்று ஒருவன் வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"உங்களுக்கும்பா" என்றாள்.

கட்டிலின் தலைமாட்டில் வேறு யாருடைய பையோ இருந்தது. அந்த இடத்துக்குக் கம்பெனி ஆள் எடுத்தாயிற்று. அவள் தட்டைப் பார்த்தாள். ஊரில் பிள்ளைகள் காத்திருந்தார்கள். இரண்டு வாய் அள்ளிப் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.