லண்டன் போன சான்றிதழ்கள்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் என் அப்பா தோல்களைக் கட்டுக் கட்டும் வேலை செய்கிறார். லண்டனில் தோல் விலை இறங்கினால் எங்கள் தெருவில் ஏன் அடுப்பு எரிவதில்லை என்று படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு ஆசை. இண்டர்மீடியட்டில் நல்ல மார்க்கு. சென்னையில் ஒரு கல்லூரிக்கு, பொருளாதாரம் எடுத்து பி.ஏ. படிக்க விண்ணப்பித்தேன். இடம் அநேகமாக நிச்சயம், பத்து நாளில் அசல் சான்றிதழ்களைச் சேர்ப்பிக்கவும் என்று கடிதம் வந்தது.

"தபால் இன்னாத்துக்கு? நாளைக்குப் போற கட்டுல வெச்சுடுறேன். மண்டியில பிரிச்சதும் உன் சித்தப்பன் எடுத்து காலேஜில குடுத்துடுவான்" என்றார் அப்பா.

சித்தப்பாவுக்குச் சென்னைத் தோல் மண்டியில் வேலை. எங்கள் ஊர்க் கடிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் அப்படித்தான் போகும். நானும் சரியென்றேன்.

அந்த வாரம் லண்டன் கப்பலுக்கு அவசரம். கட்டுகள் மண்டிக்குப் போகாமல் ரயிலடியிலிருந்து நேரே துறைமுகம் போய்விட்டன. கட்டு வரவில்லை என்று சித்தப்பாவின் கார்டு வந்தபோது கப்பல் கிளம்பியிருந்தது. கல்லூரிக்கு ஓடினேன்.

"அசல் இல்லாம சேர்க்க முடியாதுப்பா" என்றார் குமாஸ்தா.

ஐந்து மாதம் கழித்து லண்டன் வியாபாரி சான்றிதழ்களைத் திருப்பி அனுப்பினார். அவற்றில் தோல் பதனிடும் ஆவாரம்பட்டை வாடை அடித்தது. அதற்குள் லண்டனில் விலை இறங்கி ஷாப்பில் பாதிப் பேருக்கு வேலை போயிருந்தது. அடுத்த வருஷம் நான் விண்ணப்பம் போடவில்லை.

இப்போது நானும் கட்டுத்தான் கட்டுகிறேன். யார் காகிதம் நீட்டினாலும் வாங்குவதில்லை. ரயிலேறி நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் என்கிறேன். அப்பா மட்டும், ஒவ்வொரு கட்டையும் இறுக்குமுன் தோல்களுக்கு நடுவே கைவிட்டுத் தடவிப் பார்க்கிறார்.