எலுமிச்சம்பழத்துக்கு எதிராக என் அப்பா

என் அப்பா காளியண்ணன், மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுபவர். உயர்ந்துபோன செடிகளை முழங்கால் அளவுக்கு வெட்டித் தள்ளுவது வேலை. பகல் முழுக்க வளைந்த கத்தி பிடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து வேறு வளைந்த கத்திகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். அவை நேபாளக் குக்குரிகள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் சாமி படங்களைவிடக் குக்குரிகள் அதிகம்.

"வேலையும் கத்தி, வெளையாட்டும் கத்தி. வெங்காயம் வெட்ட மட்டும் இந்த வீட்ல ஒரு கத்தி கெடையாது" என்பார் அம்மா வேலாயி.

1973-இல் தொடங்கிய வியாதி அது. தானா ராத்தாவில் ஒரு பங்களாவுக்குக் காவல் இருந்தவர் தில் பகதூர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற கூர்க்கா. ஊருக்குப் போய் வரும் நண்பர்களிடம் சொல்லிக் கத்திகள் வரவழைத்து விற்பார். ஒவ்வொரு கத்திக்கும் ஒரு போர்க்களம் சொல்வார். பர்மாவில் சண்டை போட்டதாகச் சொன்ன கத்தியின் உறையில் தையல் நூல் புத்தம் புதிதாக, வெள்ளை வெளேரென்று இருந்தது. அப்பா நம்பினார்.

உருவிய குக்குரி ரத்தம் பார்க்காமல் உறைக்குத் திரும்பக்கூடாது என்று யாரோ சொன்னதையும் நம்பினார். விருந்தாளிக்கு உருவிக் காட்டிவிட்டுத் தன் கட்டைவிரலில் ஒரு கீறல் போட்டுக்கொள்வார். தீபாவளி முடியும்போது விரல் தெரியாது, பிளாஸ்டர்தான் தெரியும். பல ஏக்கர் செடி வெட்டியும் காயம் படாதவர் அவர்.

அம்மா இதைத் தில் பகதூரிடமே கேட்டுவிட்டார்.

"எங்க ஊர்ல இதுல பூசணிக்கா வெட்டுவோம், அக்கா" என்றார் அவர்.

"தன்னடக்கம்" என்றார் அப்பா.

நான் ஈப்போவில் தொழிற்கல்வி முடித்து, ஒரு கருவித் தொழிற்சாலையில் எஃகைப் பதப்படுத்தும் பிரிவில் சேர்ந்தேன். விடுமுறையில் வந்தபோது அப்பா எல்லாக் கத்திகளையும் பாயில் பரப்பி, "பாத்துச் சொல்லு" என்றார். பார்த்தேன். எல்லாம் இயந்திரத்தில் தகடு வெட்டி, சுற்றுலாக்காரர்களுக்காகப் பளபளப்பாக்கியவை. சொன்னேன். அந்த விடுமுறை முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. ஆனால் தில் பகதூரிடம் போய், கையால் அடித்த கத்தி ஒன்று வேண்டும், கதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஒரு வருடத்துக்கு மேல் கழித்து, 1982-இல் அது வந்தது. லோரி ஸ்பிரிங் பட்டையை உலையில் காய்ச்சி அடித்த கத்தி. முதுகில் சுத்தியல் தழும்புகள் தெரிந்தன. வெட்டும் ஓரம் கடினமாகவும் முதுகு சற்று இளக்கமாகவும் பதம் வைத்திருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை என்றேன்.

"என் மக சொல்லிட்டா! படிச்ச வாய்!" என்று அப்பா லயம் லயமாகக் கிளம்பினார்.

"வொர்க்‌ஷாப் பின்னாடி ஒடஞ்ச ஸ்பிரிங் மலையாட்டம் கெடக்கு" என்றார் அம்மா. "இவரு நேபாளத்துலேர்ந்து ஸ்பிரிங் வாங்கியிருக்காரு லா."

அந்த ஆயுத பூஜைக்குத்தான் அப்பா அந்தத் தவறைச் செய்தார். மற்றவர்கள் கவ்வாத்துக் கத்தியையும் மண்வெட்டியையும் முனியாண்டி முன்னால் வைத்துச் சந்தனம் வாங்கிப்போனார்கள். அப்பா குக்குரியைக் கொண்டுபோய் நடுவில் வைத்தார். ஊர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பூசாரி ஆண்டியப்பன் அப்பாவோடு ஒரே நிரையில் கவ்வாத்து வெட்டுபவர். வேகத்தில் எப்போதும் அப்பாவுக்கு அடுத்தபடிதான். உடுக்கை ஏறியது, ஆண்டியப்பனுக்குச் சாமி வந்தது. குக்குரியை எடுத்துத் தலைக்கு மேலே தூக்கி, "இது எனக்கு!" என்றது சாமி.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "சாமி, உங்களுக்கு அரிவா இருக்கே. வீட்ல இன்னும் பத்து இருக்கு. பளபளன்னு இருக்கும். எல்லாத்தையும் எடுத்துக்கங்க."

"இதுதான் வேணும்!"

சாமி எடுத்ததைத் திரும்பக் கேட்பவர் தோட்டத்தில் யாருமில்லை. குக்குரி, முனை மேலே இருக்கும்படி பீடத்தில் நட்டுவைக்கப்பட்டது. மறுநாள் அப்பா எட்டிப் பார்த்தார். கத்தி முனையில் ஓர் எலுமிச்சம்பழம் குத்தியிருந்தது. காவலுக்கு எலுமிச்சம்பழம் குத்துவது வழக்கம். சாறு வழிந்து, முனை கறுக்கத் தொடங்கியிருந்தது. அது துருப்பிடிக்காத எஃகு அல்ல. கேமரன் மலையின் ஈரமே அதற்கு அதிகம்.

அன்றிலிருந்து அப்பா பக்தரானார். ஆண்டியப்பன் காலையில் பழம் குத்துவார். அப்பா வேலை முடிந்து போய், கும்பிடுவதுபோல் குனிந்து, பழத்தைப் பிடுங்கிவிட்டு, வேட்டி முனையால் துடைத்து எண்ணெய் தடவுவார். மழையிலும் போவார். திருவிழாவில் கோயில் கமிட்டி அவருக்கு மாலை போட்டு, முனியாண்டி மேல் இவ்வளவு பக்தி கொண்டவர் இந்த மலையில் இல்லை என்றது. அப்பா மறுக்கவில்லை. எண்ணெய்க் கையோடு மாலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

1987-இல் அப்பாவுக்கு நுரையீரல் கெட்டது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏன் அனுப்புகிறார்கள் என்பதை எனக்கு மட்டும் சொன்னார்கள். அப்பாவுக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

"நான் போய்ட்டா அவன் நெதம் பழம் குத்துவான், மணி" என்றார். "ரெண்டு வருசத்துல கத்தி ஓட்டையாயிடும்."

நான் ஆண்டியப்பனிடம் போய்க் கத்தியைத் திருப்பிக் கேட்டேன்.

"கேட்டது நானில்ல ஆயி, சாமி" என்றார் அவர். முகத்தைப் பார்க்கவில்லை. "சாமிகிட்டதான் பேசணும்."

"அப்ப கூப்புடச் சொல்லு. நானே பேசறேன்" என்றார், நான் வீட்டுக்கு வந்து சொன்னதைக் கேட்ட அப்பா.

காய்கறி லோரியில் மெத்தை போட்டுக் கொண்டுபோனோம். மூடுபனி இறங்கிய பிற்பகல். விஷயம் பரவி, லயம் பாதி அங்கே நின்றது. உடுக்கை அடித்தார்கள். சாமி வந்தது, சுருட்டு கேட்டது, பற்றவைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தது.

"என்னடா வேணும்?"

அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. "கத்திய நீயே வச்சுக்க, சாமி. பழம் மட்டும் குத்தாத."

உடுக்கை நின்றுவிட்டது.

"புளிப்பு இரும்பத் தின்னுடும். என் மக படிச்சவ, கேட்டுப் பாரு."

சாமி என் பக்கம் திரும்பியது. தொழிற்சாலையில் எத்தனையோ அதிகாரிகளுக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன். தெய்வத்துக்குச் சொன்னதில்லை.

"ஆமாங்க சாமி. அரிச்சுடும்" என்றேன்.

சாமி சுருட்டை இழுத்து யோசித்தது. "அப்ப காவலுக்கு?"

"எண்ணெ தடவு. வெளக்கெண்ணெ வேணாம், பிசுபிசுக்கும். மெஷின் எண்ணெ, மெல்லிசா."

"மெஷின் எண்ணெ நாறும்டா."

"நீ குடிக்கற சுருட்டு மணக்குதாக்கும்?"

கூட்டம் சிரித்தது. சாமியின் உதடும் கோணியது, அடக்கிக்கொண்டது. அப்பாவின் நெற்றியில் பட்டையாகத் திருநீறு பூசி, "சரி போ" என்றது.

அடுத்த வாரம் அப்பா இறந்தார்.

காரியம் முடிந்ததும் தொழிற்சாலை எண்ணெய் ஒரு டின் எடுத்துக்கொண்டு போனேன். சொன்ன வாக்கு எத்தனை நாள் நிற்கும் என்று பார்க்கத்தான். ஆண்டியப்பன் குந்தி உட்கார்ந்து, பனியன் துணியால் குக்குரியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் தையல் மெஷின் எண்ணெய்க் குப்பி இருந்தது. கொழுந்து பறிக்கும் செல்லம் பழத்தோடு வந்து, கத்தி முனையை நோக்கிக் கையை நீட்டினார்.

"அங்க குத்தாத!" என்று ஆண்டியப்பன் கத்தினார். "சூலத்துல குத்து. இது காளியண்ணன் சாமான்."

நான் டின்னை அவர் பக்கத்தில் வைத்தேன்.