செமினியின் இரண்டாம் கொட்டகை

டாக்டர் மங்கை நேற்றுக் காலை கிள்ளானில் மாரடைப்பால் காலமானார். பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் அவருடைய தம்பி தொலைபேசியில் இதை உறுதிப்படுத்தினார். அவரை அறிந்த உங்களில் பலர் இன்று தகனத்திற்கு வருவீர்கள். செமினியில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஆறுமுகத்தால் வர முடியாது.

கோழிகளைக் கொல்லும் வைரஸ்களை பிசிஆர் என்ற முறையில் கண்டுபிடிப்பது மங்கையின் வேலை. வைரஸின் மரபணுத் துண்டு ஒன்றை நகலெடுத்துப் பெருக்கி ஜெல் என்ற கூழ்த் தகட்டில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிடுவார். வைரஸ் இருந்தால் புற ஊதா விளக்கில் ஒரு கோடு ஒளிரும். கூடவே ஒரு குழாயில் வெறும் தண்ணீரையும் வைப்பார்; அதில் கோடு வந்தால் சோதனையிலேயே ஏதோ கலந்துவிட்டது என்று அர்த்தம். ஒருநாள் அதிலும் கோடு வந்தது. அன்றைய முடிவுகள் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டு, பத்திரிகைச் செய்திக்காக நின்ற என்னிடம், "தண்ணிக்கே சீக்கு வந்திருச்சு. நாளைக்கு வாங்க" என்றார்.

போன வாரம் ஆறுமுகம் செத்த கோழிகளை லோரியில் கொண்டுவந்தபோதும் நான் அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக் கழிச்சலோ என்று அவருக்குப் பயம். அவருடைய இரண்டு கொட்டகைகளில் ஒன்று காலியாகிவிட்டது. இரண்டாவதில் கோழிகள் நன்றாக இருந்தன. மறுநாள் கோடு பளிச்சென்று வந்தது.

"மிச்சத்தையும் புதைச்சிடணுமா டாக்டர்?"

"தடுப்பு மருந்து போட்டீங்களா, அண்ணே?"

"இல்ல."

"கண்ணுல சொட்டுகூடவா விடல?"

ஆறுமுகம் தரையைப் பார்த்தார். "சாக ஆரம்பிச்சதும் பயந்துட்டேன். ரெண்டு கொட்டகைக்கும் விட்டேன். சொன்னா ஏசுவீங்கன்னு..."

"அப்புறமா ஏசுறேன் லா. அந்தச் சொட்டுலயும் உயிருள்ள வைரஸ்தான். ரெண்டுக்கும் ஒரே கோடுதான் வரும். கொன்னது எதுன்னு இன்னும் தெரியாது. கொட்டகைய மூடி வைங்க, யாரையும் விடாதீங்க. நான் சொல்றேன்."

நகலெடுத்த துண்டை நொதியால் வெட்டினால் நோய் வைரஸும் மருந்து வைரஸும் வெவ்வேறு அளவில் உடையும். அந்தச் சோதனையைத் தொடங்கினார். முடிக்கவில்லை.

இன்று காலை ஆறுமுகம் அழைத்தார். "டாக்டர் சொல்றேன்னாங்களே அண்ணே. இனிமே யாரு சொல்வா?" பிறகு, இரண்டாம் கொட்டகையில் சில கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு விழுவதாகச் சொன்னார்.

கழுத்துத் திருகல் வெள்ளைக் கழிச்சலிலும் வரும்; கொன்றது அதுதான் என்று எழுதத் தோன்றுகிறது. எழுதவில்லை. மங்கையிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தயக்கம்தான்.

அவருடைய சக ஊழியர் லலிதா சோதனையை முதலிலிருந்து செய்கிறார், தண்ணீர்க் குழாயோடு. முடிவு வெள்ளிக்கிழமை மதியம் வரும் என்கிறார். அதுவரை கோழிகள் தாங்குமா என்று கேட்டேன். அவர் தண்ணீர்க் குழாயை மூடி மற்றக் குழாய்களோடு வைத்தார்.