சாவி வளையத்தில் ஆயில் மூடி

இதைக் கட்டுக்கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் அப்படியே படிக்கலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. நடந்தது எனக்கு. என் வீட்டு நடைவழியில். மத்தியானம் இரண்டு நாற்பதிலிருந்து மூன்று இருபதுக்குள். பேய் ராத்திரியில்தான் வரும் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். ஈரானில் எங்கள் யஸ்த் நகரத்தில் கோடைக்கால மத்தியானத்தில்தான் தெருவில் ஈ காக்கை இருக்காது. ராத்திரி பத்து மணிக்கு ஊரே வெளியில் நிற்கும்.

என் பெயர் ஃபர்ஷாத். மிட்டாய்க் கடையில் எடை போடுகிறேன். கையில் பாகு ஒட்டித்தான் பழக்கம், கிரீஸ் ஒட்டிப் பழக்கமில்லை. அப்படிப்பட்டவன் முப்பத்திரண்டு வயதில் ஒரு பழைய நூற்றிருபத்தைந்து சிசி மோட்டார் சைக்கிளை வாங்கினேன் என்றால் அதற்கு ஒரே காரணம் கொத்ரத். ராணுவ சேவையில் இரண்டு வருஷம் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரன். எல்லைக் காவலில் ஒருநாள் நான் தூங்கிவிட்டேன். அதிகாரி வந்து யார் தூங்கியது என்று கேட்டபோது, "நான்தான்" என்று கொத்ரத் முன்னால் போய் நின்றான். பதினைந்து நாள் தண்டனை. அப்படிப்பட்ட ஒருவன் இருக்கும்போது வண்டி வாங்க வேறு யாரிடம் போவேன்?

பஸ் நிலையத்துக்குப் பின்னால் அவனுடைய மெக்கானிக் கடை. வண்டி துடைத்துவைத்தது போல் இருந்தது.

"யாருடா ஓட்டினது?" என்று கேட்டேன்.

"ஒரு ரிட்டயர்ட் வாத்தியார். ரொட்டிக் கடைக்குப் போவாரு, வருவாரு. அவ்ளோதான். உனக்குப் போய் வம்பு வண்டியைக் குடுப்பேனா?"

"எனக்கு ஆயில் மாத்தக்கூடத் தெரியாதுடா."

"கத்துக்கோ. நாள் பூரா நிறுக்கறவனுக்கு ஒரு லிட்டர் எவ்வளவுன்னு தெரியாதா?"

சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேன். அடியில் இருக்கும் போல்ட்டுக்குப் பதினேழாம் நம்பர் ஸ்பானர். மேலே ஓரம் உடைந்த கறுப்பு மூடி. அதிலேயே ஆயில் அளவு பார்க்கும் தட்டைக் குச்சி. பழைய ஆயிலை இறக்கு, போல்ட்டை முடுக்கு, புதியதை ஊற்று, மூடியைத் திருகு. எல்லாம் சொல்லிவிட்டு, ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கடைசியாக ஒன்று சொன்னான்.

"ஆயில் மாத்தற அன்னிக்கு, இந்த மூடி சாவி வளையத்துல தொங்கிச்சுன்னா கிக்கரை உதைக்காத."

"ஏன்?"

"உள்ள ஆயில் இல்லன்னு அர்த்தம். நம்ம கடைப் பழக்கம்."

நல்ல பழக்கமாகத்தான் பட்டது. ஆயிலை இறக்கியதும் மூடியை வளையத்தில் மாட்டிவிட்டால் மறக்காது. அதையும் எழுதிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை. சாயங்காலம் ஐந்தரைக்கு நாங்கள் மூன்று பேரும் தஃப்த் ஊருக்குக் கிளம்புவதாக ஏற்பாடு. என் மனைவி மஹ்லகாவின் மாமாவுக்கு அங்கே மாதுளைத் தோட்டம் இருக்கிறது. ஐந்து வயது மகள் பரஸ்துவுக்கு முன்னால் பெட்ரோல் டேங்க் மேல்தான் இடம். நெடுஞ்சாலையில் லாரிகள் போகும். அதனால் ஆயிலை மாற்றிவிட்டே போகலாம் என்று நினைத்தேன்.

"நீங்க பிரிச்சு மாட்டின வண்டியில புள்ளைய உக்கார வெக்கணுமா?" என்றாள் மஹ்லகா.

"ஆயில்தான் மாத்தறேன், இன்ஜினை இறக்கல."

"மிச்சமாகற நட்டை எல்லாம் எண்ணி வைங்க." சொல்லிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு, வெயிலுக்குக் குளுமையான நிலவறைக்குத் தூங்கப் போய்விட்டாள்.

இரண்டு நாற்பது. அடி போல்ட்டைக் கழற்றினேன். ஆயில் கறுப்பாகத் தட்டில் இறங்கியது. விரலில் பட்டது. சுட்டது. கையை உதறினேன். வண்டியைக் கிளப்பி மூன்று நாள் ஆகியிருந்தது. நடைவழியில் வெயிலே விழாது. ஆனாலும் சூடு, ஏதோ இப்போதுதான் நெடுந்தூரம் ஓடி வந்தது போல.

அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூடியைக் கழற்றிக் கையில் எடுத்தேன். வளையத்தில் மாட்டப்போன நேரம் போன் அடித்தது. இரண்டு ஐம்பத்திரண்டு. கொத்ரத்.

"டேய், கர்பலாவுக்குக் கிளம்பறேன். பஸ்ல ஏறிட்டேன். ஹலால் பண்ணிடு."

யாத்திரை போகிறவர்கள் எங்களிடம் இப்படித்தான் கேட்பார்கள். தெரிந்தோ தெரியாமலோ செய்த தப்பை எல்லாம் பொறுத்துக்கொள் என்று அர்த்தம். இருக்கிறவன் "ஹலால்" என்று சொல்லி அனுப்பிவைக்க வேண்டும். எதற்கு என்று கேட்பது மரியாதையில்லை. நானும் கேட்கவில்லை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பேசிக்கொண்டே அடி போல்ட்டை முடுக்கினேன்.

"எனக்கு நீ என்னடா தப்பு பண்ணே? பத்திரமாப் போயிட்டு வா."

"வாயைத் திறந்து சொல்லுடா."

அவன் குரல் கம்மியிருந்தது. பக்தியில் அழுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஹலால். தாய்ப்பால் மாதிரி ஹலால். போதுமா?"

உடனே போனை வைத்துவிட்டான். நான் மூடியைத் திருகினேன், கையைத் துடைத்தேன். புது ஆயிலை ஊற்றிவிட்டதாகவே மனதில் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஊற்றிய சத்தம்கூட நினைவில் இருந்தது.

இரண்டு ஐம்பத்தெட்டு. வாசல் கதவில் சத்தம்.

டொக்... டொக்...

எங்கள் பழைய கதவில் தட்டுவதற்கு இரண்டு இரும்புகள். பெண்கள் தட்ட வளையம், ஆண்கள் தட்ட இரும்புக் கட்டை. இது கட்டைச் சத்தம். போய்த் திறந்தேன். சந்தில் யாருமில்லை. வெயிலில் மண்சுவர் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. காலையிலிருந்து வெயிலில் காய்ந்த இரும்பு, தொட்டால் தோல் உரியும். தொட்டேன்.

சில்லென்று இருந்தது.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன். வண்டியில் சாவி போட்டபடியே இருந்தது. சாவி வளையத்துக்குள் அந்த ஓரம் உடைந்த மூடி செருகித் தொங்கிக்கொண்டிருந்தது. லேசாக ஆடியது...

நான்தான் சரியாகத் திருகவில்லை, அசட்டுத்தனமாக மாட்டியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எடுத்தேன். மறுபடி திருகினேன். இந்த முறை இறுக்கமாக.

மூன்று ஐந்து. கிக்கரில் கால் வைத்தேன். உதைத்தேன்.

இறங்கவில்லை.

முழு எடையையும் போட்டேன். கிக்கர் கீழே ஒரு விரற்கடை இறங்கியது. பிறகு மெல்ல மேலே வந்தது. யாரோ அடியிலிருந்து பாதத்தால் தாங்கித் தூக்குவது போல. என் கால் தானாக உயர்ந்தது.

குனிந்து பார்த்தேன். கீழே தரைதான்.

நிமிர்ந்தேன்.

மூடி வளையத்தில் தொங்கியது.

நான் கத்தவில்லை. கத்தினால் பரஸ்து எழுந்துவிடுவாள் என்ற எண்ணம் ஒன்றுதான் இருந்தது. மூன்றாவது முறை எடுத்துத் திருகினேன். கண்ணை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்று பதினொன்று.

பின்னால்... மூச்சு.

வீட்டுக்குள் காற்றை இறக்கும் கூரைக் கோபுரத்தின் சத்தம் இல்லை அது. எனக்குத் தெரியும். இது மூச்சு. பிடரியில் பட்டது. பெட்ரோல் வாசம்.

திரும்பினேன். யாருமில்லை.

மறுபடி வண்டியைப் பார்த்தேன்...

தொங்கியது.

இந்த முறைதான் குச்சியைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. சொட்டு ஆயில் இல்லை. சுவரோரம் புது ஆயில் டப்பா நின்றது. சீல் பிரிக்கவே இல்லை.

நான் ஊற்றவே இல்லை.

ஐந்தரைக்கு நெடுஞ்சாலை. முன்னால் பரஸ்து.

சீலைப் பிரித்து, ஒரு லிட்டரையும் ஊற்றி, மூடியைத் திருகினேன். மூடி இருந்த இடத்திலேயே இருந்தது. லேசாகத்தான் உதைத்தேன். ஒரே உதையில் கிளம்பியது. மூன்று இருபது.

சத்தம் கேட்டு மஹ்லகா மேலே வந்தாள்.

"யார்கூடப் பேசிட்டிருந்தீங்க?"

"யாரும் வரலையே."

"விளையாடாதீங்க. ஆம்பளக் குரல் கேட்டுச்சு. 'உதைக்காத, உதைக்காத'ன்னு சொல்லிட்டே இருந்துச்சு."

நாங்கள் தஃப்த்துக்குப் போகவில்லை.

சனிக்கிழமை கொத்ரத்தின் கடைக்குப் போனேன். கடை பூட்டிக் கிடந்தது. பக்கத்தில் பஞ்சர் ஒட்டும் ஸெய்ஃபுல்லா அண்ணன் என் வண்டியைக் கண்டதும் கையிலிருந்த டியூபைக் கீழே வைத்துவிட்டார்.

"இதை உனக்கா குடுத்தான்?"

"ஏன் அண்ணே? வாத்தியார் வண்டின்னு சொன்னான்."

"வாத்தியாராவது ஒண்ணாவது. ஹோமாயூன் வண்டிப்பா இது. பார்சல் கொண்டுபோற பையன், இருபத்திமூணு வயசு. ரெண்டு வருஷம் முன்னால ஆயில் மாத்த விட்டுருந்தான். கொத்ரத் பழசை இறக்கினான். ஒரு போன் வந்துச்சு. பேசிட்டு வந்து மூடியைத் திருகிக் குடுத்துட்டான். புதுசு ஊத்தல."

நான் வண்டியின் ஆயில் மூடியைப் பார்த்தேன்.

"தஃப்த் ரோட்டுல இன்ஜின் சூடாகி இறுகிடுச்சு. பின்சக்கரம் நின்னுபோச்சு. விழுந்தான். பின்னால லாரி."

"அவங்க வீட்டுல தெரியுமா?"

"விபத்துன்னுதான் தெரியும். செத்த ஏழாம் நாள் கொத்ரத் போய் பையனோட அம்மா கிட்ட ஹலால் கேட்டான். அவங்க என்ன ஏதுன்னு கேக்கல, சொல்லிட்டாங்க. நாங்களும் வாயைத் திறக்கல. தப்புதான்." கீழே வைத்த டியூபை மறுபடி கையில் எடுத்தார். "மறுநாள்லேர்ந்துதான் அந்தக் கடையில எந்த வண்டிக்கு ஆயில் இறக்கினாலும் மூடி சாவி வளையத்துல தொங்கும்."

என் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டவன் என்று பத்து வருஷமாக எல்லாரிடமும் சொல்லித் திரிந்திருக்கிறேன். அவன் தன் பழியை என் மகள் உட்காரும் இடத்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறான். அங்கேயே நின்று போன் போட்டேன். ஈராக் எல்லையைத் தாண்டியிருந்தான்.

"ஹோமாயூன் யாருடா?"

"வண்டி நல்ல வண்டிடா," என்றான். "புது பிஸ்டன், எல்லாம் நானே மாத்தினேன்."

"கொன்னுட்டு, பழக்கம் மட்டும் கத்துக்கிட்டியா? மூடியை வளையத்துல மாட்டற பழக்கம்?"

"நான் மாட்டல."

"என்ன?"

"நான் ஒரு நாள்கூட மாட்டினதில்ல, ஃபர்ஷாத். ரெண்டு வருஷமா... எந்த வண்டியில ஆயில் இறக்கினாலும், திரும்பிப் பாத்தா தொங்கும். அந்த வண்டி கடையை விட்டுப் போனா அதுவும் போயிடும்னு நெனச்சேன்."

"அதுக்கு நான்தான் கெடச்சேனா?"

"நீ ஒருத்தன்தான் எதுக்குன்னு கேக்காம ஹலால் சொல்லுவே."

வைத்துவிட்டேன். ஸெய்ஃபுல்லா அண்ணன் தேநீர் கொடுத்தார். நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத் திரும்ப வாங்க ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கொடுத்தால் கொடுத்ததுதான். அந்த அம்மா கொடுத்ததும் அப்படித்தான். ஆனால் ஹோமாயூனிடம் யாரும் கேட்கவில்லை.

கொத்ரத் கிளம்பிய ஆறாம் நாள் காலை ஒன்பது பதினேழுக்கு அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. கர்பலாவில் அவன் தங்கியிருந்த அறையின் சாவி. சாவி வளையத்தில் ஒரு கறுப்பு மூடி. ஓரம் உடைந்தது. குச்சி காய்ந்திருந்தது.

போனைப் பிடித்தபடியே நடைவழிக்கு ஓடினேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வண்டி நான் நிறுத்திய இடத்திலேயே நின்றது. மூடி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை.

போன் மறுபடி சத்தமிட்டது. அவன்தான். ஒரே வரி.

"மனசார ஹலால் பண்ணிட்டேதானே?"

நான் பதில் அனுப்பவில்லை. கொத்ரத்தும் இன்றுவரை ஊர் திரும்பவில்லை.